ஏழு வார இஸ்திகாரா

என் வீட்டுக்காரரின் இடது காதுக்குக் கீழே ஒரு கட்டி இருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் தாடி ஒதுக்கும் சலூன்காரர். கத்தரியை நிறுத்திவிட்டு, "சார், இங்க என்னமோ உருளுதே" என்று இந்தியில் சொன்னாராம். இவர் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். பட்டாணியைவிடப் பெரிது, கொட்டைப்பாக்கைவிடச் சிறிது. அழுத்தினேன். வலிக்கவில்லை என்றார். விரலை எடுத்த பிறகும் அது என் விரல் நுனியிலேயே இருந்தது. அன்று சப்பாத்திக்கு மாவு பிசைந்தபோது மாவுக்குள்ளும் அதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஊசி குத்தி எடுத்துச் சோதித்தார்கள். சர்ஜன் சின்ன வயதுக்காரர், நிதானமானவர். மருந்துச் சீட்டின் பின்புறத்தில் ஒரு முகம் வரைந்தார். காதுக்கு முன்னால் ஒரு சுரப்பி. அந்தச் சுரப்பிக்குள் புகுந்து ஐந்து கிளையாகப் பிரியும் ஒரு நரம்பு. கண்ணை மூடுவது, புருவத்தைத் தூக்குவது, சிரிப்பது எல்லாம் அந்த நரம்பின் வேலை என்றார். கட்டி இப்போதைக்குச் சாதுவாகத் தெரிகிறது; விட்டுவைத்தால் குணம் மாறலாம்; எடுத்துவிடுவதே நல்லது. எடுக்கும்போது நரம்பில் பட்டால் முகம் ஒரு பக்கம் தொங்கிப்போகலாம். பெரும்பாலும் சரியாகிவிடும். எப்போதாவது ஒருவருக்குச் சரியாகாமலும் போகும். "யோசிச்சு ஒரு தேதி சொல்லுங்க. ஆனா ரொம்ப யோசிக்காதீங்க" என்றார்.

இவர் கணக்கு வாத்தியார். நகரத்துக்குள் கேம்ப் என்ற பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறார். விடை ஒன்றே ஒன்றாக இருந்தால் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார். இரண்டு இருந்தால் என் பக்கம் தள்ளிவிடுவார். வெளியே வந்து ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து இறக்கும்போதே தள்ளிவிட்டார்.

"நீ இஸ்திகாரா தொழுதுட்டுச் சொல்லு. ஒனக்கு எது தோணுதோ அதச் செஞ்சிருவோம்."

"மொகம் ஒங்களுது. நான் எப்படிச் சொல்ல?"

"பாக்குதது நீதான?" என்று சிரித்தார். இரண்டு பக்கமும் சமமாக ஏறிய சிரிப்பு. அது ஹெல்மெட்டுக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் குடியிருக்கும் பிம்ப்ரியிலேயே ஒரு மருந்துத் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. எங்கள் பிரிவுக்கு ஸ்டெபிலிட்டி என்று பெயர். ஆளுயர இரும்பு அலமாரிகள் இருக்கும். உள்ளே நாற்பது டிகிரி சூடு, எழுபத்தைந்து சதவீத ஈரம், ஒரு கணமும் மாறாது. மாத்திரைகளை அதற்குள் வைத்து மூடிவிடுவோம். வெளியே இரண்டு வருடத்தில் அவற்றுக்கு வரும் முதுமை உள்ளே ஆறு மாதத்தில் வந்துவிடும். அவ்வப்போது வெளியே எடுத்து, நிறம் மாறியதா, ஓரம் உதிர்கிறதா, வீரியம் இறங்கியதா என்று பார்த்து எழுதுவேன். நாளை மறுநாள் வரப்போகும் கெடுதலை இன்றைக்கே வரவழைத்துப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.

பதினாறு வருடம் இதைச் செய்தவளின் மனம் வேறு எப்படி இருக்கும்? மகள் கல்லூரியிலிருந்து பத்து நிமிடம் தாமதமானால் நான் அவளை அடக்கம் செய்யும் ஜனாஸா வரைக்கும் போய்த் திரும்பிவிடுவேன். கட்டியைத் தொட்ட அன்றும் அப்படித்தான். தொங்கிய முகத்தோடு இவரை வகுப்பில் நிறுத்தினேன், பிள்ளைகளைச் சிரிக்க வைத்தேன், வேலையை விட வைத்தேன், கட்டிலில் கிடத்தினேன், புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் என்னையும் உட்கார வைத்துவிட்டேன். குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் இவ்வளவும் முடிந்திருந்தது.

இஸ்திகாரா என்பது இரண்டு ரக்அத் தொழுகை. ஒரு காரியத்தில் எது நல்லது என்று தெரியாமல் நிற்கும்போது தொழுது, அதற்குரிய துஆவை ஓதி, காரியத்தை அல்லாஹ்விடம் விட்டுவிடுவது. எங்கள் ஊர்ப் பக்கம் அதற்கு ஒரு வாலும் முளைத்திருந்தது. தொழுதுவிட்டு யாரிடமும் பேசாமல் படுத்தால் கனவு வரும். வெள்ளையோ பச்சையோ கண்டால் செய்யலாம், சிவப்போ கறுப்போ கண்டால் விட்டுவிட வேண்டும். அந்த துஆவின் அர்த்தம் எனக்குத் தெரியும். அதில் கனவைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. இது எனக்கு நல்லதென்று நீ அறிந்தால் இதை லேசாக்கு, கெட்டதென்று அறிந்தால் இதை என்னைவிட்டும் என்னை இதைவிட்டும் திருப்பு, பிறகு எது வாய்க்கிறதோ அதில் என் மனதைப் பொருந்த வை என்று கேட்பதோடு அது முடிந்துவிடும். தெரிந்தும் நான் வாலைத்தான் பிடித்துக்கொண்டேன். அறியாமல் செய்த தவறு என்று எழுத ஆசையாக இருக்கிறது. அறிந்துதான் செய்தேன்.

முதல் வாரம் கனவே வரவில்லை. அடுத்த வாரம் நீலமாக ஒரு தண்ணீர்த் தொட்டி வந்தது. நீலத்துக்குச் சட்டம் எதுவும் இல்லை. அதற்கப்புறம் ஒரு பஸ். காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் லாத்தாவுக்கு ஃபோன் போட்டேன். என் அக்கா மேலப்பாளையத்தில் இருக்கிறாள். எனக்குக் கண்டதெல்லாம் அவளிடம்தான் சோதனைக்குப் போகும்.

"பஸ்ஸு செவப்பு லாத்தா. ஆனா டிரைவர் சட்ட வெள்ள. ரெண்டுல எத எடுக்க?"

"நீ ஏறுனியா, எறங்குனியா?"

"ஏறிட்டேன். டிக்கெட் எடுக்கதுக்குள்ள முழிச்சிட்டேன்."

"ஏட்டி, டிக்கெட் எடுக்காத கனவு செல்லாது. இன்னைக்கும் தொழு."

சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றும் தொழுதேன்.

மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் திங்கட்கிழமைதோறும் அழைப்பாள். "மேடம், சாருக்கு டேட் போட்டுரலாமா?" அடுத்த வாரம் சொல்கிறேன் என்பேன். ஃபோனை வைத்ததும் தோள்பட்டையிலிருந்து ஏதோ இறங்கும், மூச்சு அடிவயிறு வரைக்கும் போய்வரும். அந்த லேசை நான் மேலிருந்து வந்த அமைதி என்று எடுத்துக்கொண்டேன். பரீட்சை தள்ளிப்போன பிள்ளைக்கு ஒரு லேசு வருமே, அதுதான் அது. அது திங்கட்கிழமை வரும், புதன்கிழமைக்குள் காய்ந்துவிடும். வியாழன் முதல் மறுபடி கனவு தேட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ளுஹர் தொழுதுவிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, வராத தூக்கத்தைக் கண்ணுக்குள் அழுத்திக்கொண்டு கிடப்பேன். லோஹேகா விமான நிலையத்தில் இறங்கும் விமானம் எதுவோ மேலே உறுமிக்கொண்டு போகும். ஓய்வு எடுக்கப் படுத்தவள் உழைத்துக்கொண்டிருப்பேன். எழுந்தால் கை கால் எல்லாம் மூட்டை தூக்கியது மாதிரி வலிக்கும்.

ஒரு நாள் காலை நாஷ்டாவுக்கு உட்கார்ந்திருந்தோம். மகள் இங்கேயே பிறந்தவள். தமிழ் அவள் வாயில் பாதி தூரம் நடந்துவிட்டு இந்தியில் ஏறிக்கொள்ளும்.

"உம்மா, இன்னைக்கு என்ன கலர்?"

"தர்பூசணி கண்டேன்."

"கலிங்கட்?" போஹா அவல் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "வெளிய ஹரா, உள்ள லால்! அரே உம்மா, யாரோ உங்ககூட மஸாக் பண்ணி வெளையாடுறாங்க."

"அஸ்தஃபிருல்லாஹ்னு மன்னிப்புக் கேளு மொதல்ல."

இவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார். "வெட்டி வச்சிருந்துச்சா, முழுசா இருந்துச்சா?"

"முழுசாத்தான்."

"அப்ப பச்சதான. போடு ஃபோன. வெட்டாத பழத்துக்குள்ள செவப்புன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே" என்றேன்.

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. மகள் பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள். "உம்மா, ஒண்ணு சொல்லவா? நீங்க துஆ கேக்கல. டைம் கேக்குறீங்க."

"நீ எப்ப மார்க்கம் படிச்ச ஆலிமா ஆன?"

"நஹீ உம்மா. நான் வாப்பாவோட பொண்ணு, அவ்ளோதான்." கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

அன்று முழுவதும் அவள்மேல் கோபமாக இருந்தேன். பரிசோதனைக்கூடத்தில் பழைய பதிவேடுகள் அடுக்கிய ஒரு மூலையில்தான் என் ளுஹர். விரிப்பை விரித்து நின்றபோது வேறு ஒன்று நெஞ்சில் வந்து குத்தியது. விட்டுப்போன தொழுகையைப் பிறகு தொழுது களாச் செய்யலாம். பயணத்தில் இரண்டைச் சேர்த்துத் தொழவும் சலுகை உண்டு. ஆனால் நாளை விடியற்காலை ஸுப்ஹை இன்றைக்கே தொழுது வைத்துவிட ஒரு வழியும் இல்லை. நேரம் வரவேண்டும், பிறகுதான் நிற்க முடியும். ஏழு வயதிலிருந்து தினம் ஐந்து முறை இதைச் செய்கிறவள், மற்ற எல்லாவற்றையும் நேரத்துக்கு முன்னால் செய்து முடிக்கத் துடித்தேன். நேரம் வந்து நின்ற ஒன்றை மட்டும் தள்ளித் தள்ளி வைத்தேன். புரிந்தது. புரிந்ததனால் மட்டும் கை ஃபோனை எடுத்துவிடவில்லை. அந்தத் திங்கட்கிழமையும் அடுத்த வாரம் என்றுதான் சொன்னேன்.

ஏழாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அஸர் நேரம். இவர் தொழுகைக்காக வாஷ்பேசினில் ஒளு செய்துகொண்டிருந்தார். அடுத்து நான் செய்வதற்காகப் பின்னால் நின்றேன். வாயில் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்தார். உதடு மூடித்தான் இருந்தது. இடது ஓரத்திலிருந்து தண்ணீர் ஒரு நூலாக இறங்கித் தாடிக்குள் போனது. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை உதட்டை விரலால் பிடித்துக்கொண்டு கொப்பளித்தார். பழகிய விரல். இன்றைக்கு ஆரம்பித்த பழக்கமாக அது தெரியவில்லை. தலையைத் தூக்கியவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டார்.

"எத்தன நாளா?"

"ஒரு வாரம் இருக்கும். டீ குடிக்கும்போதுதான் மொதல்ல."

"ஏன் சொல்லல?"

"நீ தொழுதுட்டு இருந்த. நடுவுல பேசிக் கெடுக்க வேண்டாம்னு இருந்தேன்."

அப்புறம் வலது கையை முழங்கைவரை கழுவினார், பிறகு இடது கையை. ஒன்றும் நடக்காததுபோல் வரிசையாகக் கழுவினார். அன்று அவருக்குப் பின்னால் நின்று அஸர் தொழுதேன். நாலு ரக்அத்தும் தொழுதேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் அந்தப் பெண் அழைப்பதற்காகக் காத்திருக்கவில்லை. கதவு திறக்கும்போது நாங்கள் மருத்துவமனை வாசலில் நின்றோம்.

மூன்றாம் நாள் அறுவைச் சிகிச்சை. காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். ளுஹருக்குப் பிறகு சர்ஜன் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார். கட்டி முழுவதும் எடுத்தாகிவிட்டது. ஆனால் ஒரு கிளை நரம்பைக் கட்டி விழுங்கியிருந்தது. அதையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. மற்ற கிளைகள் சோர்ந்து கிடக்கின்றன, அவை மெல்ல எழலாம். நான் கேட்டேன், கேட்கக்கூடாது என்று தெரிந்தே கேட்டேன். ஏழு வாரம் முன்னால் வந்திருந்தால்? அவர் தொப்பியைக் கையில் மடித்தார். "தெரியாது மேடம். காப்பாத்தியிருக்கலாம்னும் சொல்ல முடியாது. முடியாதுன்னும் சொல்ல முடியாது" என்றார்.

வராத நாட்களைப் பழுக்க வைத்துக்கொண்டிருந்த என் மன அலமாரி அன்றிலிருந்து போன நாட்களையும் வாங்கி அடுக்கிக்கொண்டது. முதல் திங்கட்கிழமையே தேதி சொல்லியிருந்தால், பஸ் கனவன்றே, பச்சை என்று இவர் சொன்ன அந்தக் காலையிலாவது. ஸுஜூதில் நெற்றியை வைத்தால் மன்னிப்பு என்ற சொல் வரும். எதற்கு என்று முடிக்கத் தெரியாது. தொழாமல் இருந்ததற்காக மன்னிப்புக் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தொழுததற்காகக் கேட்பது எப்படி என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. களைத்துப்போய் நெற்றியை மட்டும் தரையில் வைத்துக் கிடப்பேன். கிடப்பதற்கு ஓர் இடம் இருந்தது. அந்த நாட்களில் ஈமான், நம்பிக்கை என்று என்னிடம் இருந்தது அவ்வளவுதான்.

வீட்டில் இவர் முகம் இரண்டு ஆட்களின் முகமாக இருந்தது. வலது பக்கம் சிரிக்கும். இடது பக்கம் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். இடது கண் முழுதாக மூடாது, சொட்டு மருந்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மகள் மணிக்கொரு தரம் அலாரம் வைத்து விடுவாள். என்னிடம் ஒரு வார்த்தையும் குத்திச் சொல்லவில்லை. குத்தியிருந்தால் சண்டை போட்டுக் கொஞ்சம் ஆறியிருப்பேன்.

"உம்மாட்ட கோவமா?" என்று இவர் அவளைக் கேட்டது சமையலறை வரைக்கும் கேட்டது.

"நஹீ வாப்பா. பயமா இருக்கு. உம்மா மாதிரியே."

"அப்ப நான் ஒருத்தன்தான் இந்த வீட்டுல ஆம்பள" என்றார். உதடு ஒத்துழைக்காமல் 'ம்'மும் 'ப'வும் காற்றாகக் கசிந்தன. இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்தேன்.

பத்தாம் நாள் சோதனை முடிவு வந்தது. கட்டி குணம் மாறத் தொடங்கியிருந்தது, புற்றுதான். முழுதாக எடுத்தாகிவிட்டது, ஆனால் வெட்டிய விளிம்புக்கு மிக அருகில்வரை புற்று வந்திருக்கிறது என்றார் சர்ஜன். ரேடியேஷன் கொடுக்கலாம். அதற்கும் விலை உண்டு: வாய் உலரும், அந்தக் காது மந்தமாகலாம். கொடுக்காமல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கவும் செய்யலாம். "நானா இருந்தா ரேடியேஷன் எடுப்பேன். ஆனா ரெண்டும் தப்பில்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

இரண்டு விடை. இவர் என்னைப் பார்த்தார்.

மணி பதினொன்று இருக்கும். "பத்து நிமிஷம் வெளிய இருங்க, வந்துருதேன்" என்றேன். மாடிப்படி திரும்பும் இடத்தில், தீயணைக்கும் சிவப்பு உருளைக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. கைப்பையிலிருந்த மெல்லிய விரிப்பைப் போட்டுத் திசை பார்த்து நின்றேன். ஃபினாயில் வாசனை. மேலேயும் கீழேயும் செருப்புச் சத்தம். யாரோ மராத்தியில், பார்த்துப் போ, தொழுகிறார்கள் என்று யாரிடமோ சொன்னார்கள். இரண்டு ரக்அத். அந்த துஆவை இம்முறை அர்த்தத்தோடு சேர்த்து மெதுவாக ஓதினேன். தோள்பட்டையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து எழுந்தேன். விரிப்பை மடித்து உள்ளே வைத்துவிட்டுத் திரும்பிப் போனேன்.

"என்ன தோணுது?" என்றார் இவர்.

"ஒண்ணும் தோணல. டாக்டர் சொல்லுதது சரின்னு படுது. ஒங்களுக்கு?"

"எனக்கும் அதான்."

"அப்ப ஆரம்பிச்சிருவோம்."

"சரி."

உள்ளே போய்ச் சொன்னோம். அவர் ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து. அந்தக் காகிதத்தில் என் பெயரைப் பார்த்தால் வேறு யாரோ எழுதியது மாதிரி இருந்தது. பயம் எங்கும் போகவில்லை. கூடவே வந்து, பக்கத்தில் நின்று, நான் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

திரும்பும்போது மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தது. இரண்டு ஸ்டேஷன் போவதற்குள் இவர் தூங்கிவிட்டார், தலை என் தோளில் சாய்ந்தது. ரயில் மண்ணுக்கடியிலிருந்து மேலே ஏறியதும் வெயில் ஜன்னல் வழியாக நேராக அவர் முகத்தில் விழுந்தது. வலது கண் நன்றாக மூடியிருந்தது. இடது கண் ஒரு கீற்றுத் திறந்தே இருந்தது. வெள்ளை தெரிந்தது, ஓரத்தில் ஈரம். எழுப்பவில்லை. உள்ளங்கையை அந்தக் கண்ணுக்கு எதிரே, படாமல், பிடித்துக்கொண்டேன். கை வலித்தபோது அடுத்த கையை மாற்றினேன். பிம்ப்ரி வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.